அங்க பாருங்க! - பறவைப் பிரியர்களோட கேள்வி பதில்

போன மாசம் "உங்க வீட்டுப் பக்கம் பாத்த பறவையைப் பத்தி எழுதுங்க, சந்தேகமும் கேளுங்க"ன்னு இந்தப் பக்கத்துல கேட்டிருந்தேன். கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், கேட்டேன். இடம் பத்தாததால சிலதை மட்டும் எடுத்திருக்கேன், மிச்சம் அடுத்த மாசம் கண்டிப்பா வரும்.

கேமரா வாங்க வசதி இல்ல, ஆனா பறவை பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. எங்கருந்து ஆரம்பிக்கிறது சார்?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, கேமரா இல்லன்னு ஒரு நாளைக் கூட தள்ளிப் போடாதீங்க. நாளைக்கு காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு மொட்டை மாடிக்கு போங்க, அரை மணி நேரம் சும்மா நில்லுங்க, கையில ஒரு நாப்பது பக்க நோட்டும் பேனாவும் இருந்தா போதும். காக்கா, மைனா, கரிச்சான், கிளி, தவிட்டுக்குருவி, செம்பருந்துன்னு பத்து வகையாவது கண்ணுல படும், பாளையங்கோட்டைல மரத்துக்கா பஞ்சம்.

முதல்ல ஒரே ஒரு பறவையை எடுத்துக்கிட்டு அதை ஒரு வாரம் விடாம பாருங்க. நான் குயிலைத்தான் சொல்லுவேன். குயில்னா கறுப்புன்னு நாம எல்லாரும் நினைச்சிட்டு இருக்கோம், கறுப்பா சிவப்புக் கண்ணோட இருக்கிறது ஆண் மட்டும்தான், பெண் குயில் பழுப்பு நிறத்துல உடம்பு பூரா வெள்ளைப் புள்ளியும் கோடுமா இருக்கும். எத்தனையோ பேர் அதை பருந்துக் குஞ்சுன்னு நினைச்சு எனக்கு படம் அனுப்பியிருக்காங்க. "கூ...கூ"ன்னு ஏறிக்கிட்டே போற பாட்டு ஆணோடது, பெண் பாடாது, "கிக் கிக் கிக்"னு வேகமா கத்திக்கிட்டு பறக்கும். இதை ஒரு தடவை நீங்களே பாத்து கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் உங்களை யாராலயும் நிறுத்த முடியாது.

கொஞ்சம் காசு சேந்ததும் கேமராவுக்கு முன்னாடி ஒரு பைனாகுலர் வாங்குங்க. கடைல 8x42ன்னு கேளுங்க, 8 மடங்கு பெருசா காட்டும், 42ங்கிறது முன்னாடி இருக்கிற கண்ணாடியோட விட்டம், மில்லிமீட்டர்ல. 20 மடங்கு, 30 மடங்குன்னு கடைக்காரர் எடுத்துக் காட்டுவாரு, வாங்காதீங்க, கை லேசா நடுங்கினாலே பறவை எங்கயோ போயிரும். பறவை மேல வச்ச கண்ணை எடுக்காம பைனாகுலரை கண்ணுக்கு கொண்டு வரணும், இது ஒண்ணை பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

பெரிய ஜூம் லென்ஸ் வாங்கி ஒரு வருசம் ஆச்சு. உப்பளத்துக்கு போய் பூநாரை எடுக்கிறேன், எல்லா படமும் கலங்கின மாதிரியே வருது. லென்ஸ்ல கோளாறா?
- வங்கி ஊழியர், தூத்துக்குடி

நீங்க அனுப்பின பன்னிரண்டு படத்தையும் பெருசு பண்ணி பாத்தேன், லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல, நீங்க போற நேரம்தான் தப்பு. படத்துல பதிஞ்சிருக்கிற நேரத்தை பாருங்க, பத்தரை, பதினொண்ணு, பன்னிரண்டுன்னு இருக்கு. நம்ம ஊர் வெயில்ல ஒன்பது மணி தாண்டிட்டாலே உப்பளத்து தரையில இருந்து சூடு கிளம்பி காத்து அலை அலையா ஆடும், ரோட்டுல தூரத்துல தண்ணி நிக்கிற மாதிரி கானல் தெரியுமே அதேதான். 200 மீட்டர் தள்ளி நிக்கிற பூநாரைக்கும் உங்களுக்கும் நடுவுல அந்த ஆடுற காத்து பூரா இருக்கு. எத்தனை லட்சம் போட்டு லென்ஸ் வாங்கினாலும் அதைத் தாண்டி தெளிவா எடுக்க முடியாது. சூரியன் கிளம்பும்போது அங்க இருங்க, எட்டரைக்கெல்லாம் மூட்டை கட்டிருங்க. இல்லன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன், நீங்க எல்லாத்தையும் பைக்குக்கு பக்கத்துல நின்னுகிட்டே எடுத்திருக்கீங்க, மேல இருந்து கீழ பாத்த மாதிரி இருக்கு. பாத்தி வரப்புல உக்காருங்க, முடிஞ்சா படுத்தே எடுங்க. பறவையோட கண்ணும் உங்க லென்ஸும் ஒரே மட்டத்துல வந்துட்டா படத்தோட முகமே மாறிப் போகும், பின்னாடி இருக்கிற வரப்பு, குப்பை எல்லாம் மங்கி ஒரே நிறமா ஆயிரும். நெடுங்கால் உள்ளான்ல பழகுங்க, உப்பளத்துல அதுக்கு குறைவே கிடையாது, சிவப்புக் கால் தண்ணியில அப்படியே ரெண்டா தெரியும்.

வெள்ளைப் பறவை பின்னணியை விட பளிச்சுன்னு இருக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதான் படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்கை, மைனஸ் பக்கம் ஒரு அரை, முக்கால் தள்ளி வைங்க, இல்லன்னா கொக்கோட இறகெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெறும் வெள்ளையா போயிரும், அப்புறம் எந்த சாஃப்ட்வேர்லயும் அந்த இறகு திரும்பி வராது. கரிச்சான் மாதிரி கறுப்புப் பறவை வெளிச்சமான பின்னணியில இருந்தா அப்படியே நேர் எதிர், பிளஸ்ல வைங்க. பறக்கிறதுக்கு ஷட்டர் வேகம் 1/2000 செகண்டுக்கு குறையாம பாத்துக்கோங்க, உக்காந்திருக்கிறதுக்கு 1/500 தாராளம்.

பழகிப் பாக்கணும்னா வீட்டுப் பக்கத்து கரண்ட் கம்பியில பஞ்சுருட்டான் உக்காந்திருக்கும் பாருங்க, பச்சையா, வால் நடுவுல ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு. அது பறந்து போய் ஒரு பூச்சியை பிடிச்சிட்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத்தான் திரும்பி வரும், தேனீயா இருந்தா கம்பியில போட்டு அடிச்சு கொடுக்கை எடுத்துட்டுதான் முழுங்கும். எங்க வந்து உக்காரும்னு முன்னாடியே தெரியிறதால பறக்கிற படம் எடுத்துப் பழக அதை விட நல்ல வாத்தியார் கிடையாது.

சாம்பலும் கறுப்புமா படம் எடுத்தே காட்டை நம்ம கண் முன்னாடி நிறுத்தின மா. கிருஷ்ணன் 1912-ல நம்ம திருநெல்வேலியில பிறந்தவருதான், நாவலாசிரியர் அ. மாதவையாவோட மகன். வேற வேற கேமரா, லென்ஸ்ல இருந்து பாகங்களை எடுத்து சேத்து தனக்குன்னே ஒரு கேமரா அமைச்சு வச்சிருந்தாரு, அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு ஒரு பேரும் வச்சிருந்தாரு. ஆட்டோஃபோகஸும் கிடையாது, ஒரு ரோலுக்கு இத்தனை படம்தான்னு கணக்கு வேற. காட்டுல கால்நடையா அலைஞ்சு யானையை அவர் எடுத்த படங்களை ஒரு தடவை தேடிப் பாருங்க, நமக்கு இன்னைக்கு இருக்கிற வசதியை வச்சு எவ்வளவு செய்யலாம்னு ஒரு உற்சாகம் வரும்.

என் பையனுக்கு பதினோரு வயசு. உண்டிவில் வச்சு குருவி, புறா எல்லாம் அடிக்கிறான். அடிச்சும் சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்கிறான்.
- ஒரு அம்மா, சங்கரன்கோவில்

அம்மா, அவனை இனி அடிக்காதீங்க. அவன் கண்ணு நல்ல கண்ணு, இலைக்குள்ள இருக்கிற குருவியை கண்டுபிடிக்கிறான்ல. நாங்க வருசக் கணக்கா பழகிப் பழகி வர வச்சது அவனுக்கு தானாவே வந்திருக்கு. சலீம் அலின்னு ஒருத்தர், 1896 நவம்பர் 12-ல பிறந்தவரு, அந்த நாளைத்தான் இப்ப தேசிய பறவைகள் தினமா கொண்டாடுறோம். அவரும் சின்ன வயசுல ஏர்கன்னை தூக்கிக்கிட்டு குருவி சுட்டவருதான். ஒரு நாள் சுட்டு விழுந்த குருவியோட தொண்டையில மஞ்சளா ஒரு திட்டு இருந்துச்சு, இது என்ன குருவின்னு கேட்டுக்கிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு போனாரு, அங்க இருந்த மில்லார்டுங்கிற வெள்ளைக்காரர் திட்டாம, விரட்டாம உள்ள கூட்டிட்டுப் போய் அலமாரியைத் திறந்து பாடம் பண்ணி வச்சிருந்த பறவைகளை ஒவ்வொண்ணா காட்டினாரு. இந்தியாவோட பறவை ஆராய்ச்சியே அந்த அலமாரி முன்னாடி நின்ன ஒரு பையன் கிட்ட இருந்து கிளம்பினதுன்னு நான் நம்புறேன்.

உங்க பையனுக்கும் யாராவது ஒருத்தர் அலமாரியைத் திறந்து காட்டணும், அவ்வளவுதான். ஊருக்கு வெளிய கிணத்துப் பக்கம் கருவேலத்துலயோ பனையிலயோ தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும் பாருங்க, மழைக்காலம் தொடங்கும்போது அங்க அவனைக் கூட்டிட்டுப் போங்க. கூடு கட்டுறது பெரும்பாலும் ஆண்தான், பாதி கட்டி தொப்பி மாதிரி இருக்கும்போது அதுல தொங்கிக்கிட்டே சிறகை அடிச்சு பெண்ணைக் கூப்பிடும், பெண் வந்து உள்ள பூந்து பாத்து பிடிச்சாத்தான் மீதியை கட்டி முடிக்கும். உள்ள ஈரமண்ணை உருண்டை உருண்டையா ஒட்டி வச்சிருக்கும், அதுலதான் மின்மினியை ஒட்டி விளக்கு வச்சிக்கும்னு நம்ம பாட்டிமார் கதை சொன்னாங்க. "விளக்கு இருக்கான்னு பாத்து சொல்லுடா"ன்னு அவன்கிட்ட ஒரு வேலையை கொடுங்க, உதிர்ந்து கிடக்கிற பழைய கூட்டை எடுத்துப் பிரிச்சுப் பாக்கட்டும். இது முடிஞ்சதும் அவனை ஒரு கடிதம் எனக்கு எழுதச் சொல்லுங்க, இந்தப் பக்கத்துலயே போடுறேன்.

கூட்டுல குஞ்சுக்கு இரை ஊட்டுற படம் ஒண்ணை குரூப்ல போட்டேன். பாராட்டுவாங்கன்னு பாத்தா எல்லாரும் சேந்து திட்டுறாங்க. நான் கூட்டைத் தொடக் கூட இல்ல, என்ன தப்பு பண்ணேன்?
- போட்டோகிராபர், மதுரை

உங்க மனசு நொந்திருக்கும், எழுத்துலயே தெரியுது, திட்டினவங்க பொறுமையா காரணத்தை சொல்லியிருக்கலாம். ஆனா விஷயத்துல அவங்க பக்கம்தான் நானும். ஏன்னு என் அனுபவத்தையே சொல்றேன்.

நான் ஆரம்பத்துல, ஒரு சித்திரை மாசம், தரிசு நிலத்துல ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கிறதைப் பாத்துட்டேன். அதுக்கு கூடுன்னு தனியா ஒண்ணும் கிடையாது, தரையில லேசா ஒரு பள்ளம், சுத்தி நாலு கல்லு, நடுவுல மண்ணு நிறத்துல கறுப்புத் திட்டு போட்ட நாலு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கமா திரும்பி இருக்கும். ஒரு பத்தடி தள்ளி உக்காந்துகிட்டேன், தாய் வரட்டும்னு. அது வரல. தலைக்கு மேல கத்திக்கிட்டே வட்டம் போட்டுச்சு, தூரத்துல இறங்கி ஓடுச்சு, திரும்ப பறந்துச்சு, எனக்கு அப்ப அது ஒரு நல்ல 'சான்ஸ்'னுதான் தோணுச்சு, அதையும் எடுத்தேன். ஒரு அரை மணி நேரம் இருக்கும், அந்தப் பக்கமா ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்த ஒரு பெரியவர் சொன்னாரு, "தம்பி, எந்திரிச்சு வாரும், முட்டை வெந்துரும்"னு. தொட்டுப் பாத்தேன் தரையை, கை வைக்க முடியல. அந்த வெயில்ல அது முட்டையை அடைகாக்கிறது சூடு ஏத்த இல்ல, நிழல் கொடுக்க. நான் விலகிப் போய் ஒரு மரத்தடியில இருந்து பைனாகுலர்ல பாத்தேன், முதல்ல அது பக்கத்துல இருந்த குட்டைக்குத்தான் போச்சு, வயித்தை தண்ணியில நல்லா முக்கி நனைச்சிட்டு ஓடி வந்து அந்த ஈர வயித்தோட முட்டை மேல உக்காந்துச்சு. அன்னைக்கு எடுத்த படம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அந்த முட்டை பொரிஞ்சுதா இல்லையான்னு மறுபடி போய்ப் பாக்க எனக்கு தைரியம் வரல.

நீங்க கூட்டைத் தொடலங்கிறது உண்மைதான். ஆனா நீங்க அங்க நின்ன நேரம் பூரா தாய் எத்தனை தடவை இரையோட வந்து உங்களைப் பாத்துட்டு திரும்பிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க நிக்கிற இடத்தை காக்கா பாத்துக்கிட்டே இருக்கும், நீங்க போனதும் அது அங்க வரும். படம் தெளிவா தெரியணும்னு மறைக்கிற இலையை ஒதுக்கி விடுறாங்களே, அது இன்னும் கொடுமை, அந்த இலைதான் குஞ்சுக்கு குடை. கூட்டுப் படமே இனி எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணிருங்க. குஞ்சு வெளிய வந்து கிளையில வரிசையா உக்காந்து வாயைத் திறக்கிற காலம் வரும், அப்ப தூரத்துல இருந்து எடுங்க.

மொபைல்ல குரலை போட்டு வரவழைக்கிறதையும் விட்டுருங்க. தன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு நினைச்சு அது சண்டைக்கு வருது, பாட்டுக்கு மயங்கி வரல.

எங்க ஊர் பழைய கிணத்துல கூகை ஒரு ஜோடி இருக்கு. லொக்கேஷன் அனுப்பட்டுமா, எல்லாரும் வந்து பாக்கலாமே?
- வாசகர், ராஜபாளையம்

எனக்குக் கூட அனுப்பாதீங்க. ஆந்தையை மாந்திரீகத்துக்குன்னு பிடிச்சு விக்கிறவங்க இன்னும் இருக்காங்க, தீபாவளி நெருங்கும்போது அது கூடுது. படம் போடுறதா இருந்தா ஊர் பேரை எடுத்துட்டுப் போடுங்க, மொபைல்ல லொக்கேஷன் பதியிற செட்டிங்கையும் அணைச்சு வைங்க. ஃபிளாஷ் அடிக்காதீங்க. உங்க ஊர்ப் பிள்ளைகளை மட்டும் ரெண்டு ரெண்டு பேரா கூட்டிட்டுப் போய் காட்டுங்க, "இது எலி பிடிக்கிறதாலதான் நம்ம நெல்லு மிஞ்சுது"ன்னு சொல்லிக் காட்டுங்க.

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிருச்சு, தூரம் சரியா தெரியல, முழங்காலும் ஒத்துழைக்கல. இனிமே எனக்கு இதெல்லாம் முடியுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், உங்க காது எப்படி இருக்கு? நல்லா இருக்குன்னா இந்தப் பக்கத்துல எழுதின எல்லாரையும் விட நீங்க அதிகமா 'பாக்க'லாம். அடர்ந்த மரத்துல இருக்கிற பறவையை நாங்களும் முக்கால்வாசி காதாலதான் கண்டுபிடிக்கிறோம்.

காலைல திண்ணையில உக்காருங்க. தூரத்துல யாரோ செம்புப் பாத்திரத்துல விடாம தட்டுற மாதிரி "டுக் டுக் டுக்"னு கேட்டா அது குக்குறுவான், ஆலம்பழம், அத்திப்பழம் இருக்கிற பக்கம் கண்டிப்பா இருக்கும். ஆழமா "ஊப் ஊப் ஊப்"னு குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வந்தா செம்போத்து. ராத்திரி நேரத்துல வயக்காட்டுல திடீர்னு ஆள்காட்டி கத்துச்சுன்னா அங்க யாரோ நடந்து போறாங்க, அந்தப் பேர் அதுக்கு சும்மா வரல. புரட்டாசி, ஐப்பசிக்கு மேல காலைல ஆறு மணி வாக்குலயும் சாயங்காலம் ஆறு மணி வாக்குலயும் ரெண்டு தட்டு விசில் கேட்டா அது ஆறுமணிக்குருவி. பேரன் பேத்தி இருந்தா மொபைல்ல மெர்லின்னு ஒரு ஆப் போட்டுத் தரச் சொல்லுங்க, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல செஞ்சது, காசு இல்ல, சத்தத்தை கேட்டுட்டு பறவை பேரை சொல்லும். சில நேரம் தப்பாவும் சொல்லும், அப்ப நீங்கதான் அதுக்கு டீச்சர்.

நேத்து ராத்திரி ஒரு குருவி வீட்டுக்குள்ள வந்து ஜன்னல்ல மோதி மூலையில உக்காந்திருச்சு. முதுகு பச்சை, இறக்கையில நீலம், வயித்துக்கு கீழ சிவப்பு, கண்ணுல மை தீட்டின மாதிரி பட்டை, வாலே இல்ல. இது என்ன கிளியா?
- வாசகி, விருதுநகர் (ஐப்பசி மாசம் வந்த வாய்ஸ் மெசேஜ்)

இதுதாங்க மேல டீச்சருக்கு சொன்ன ஆறுமணிக்குருவி! வால் இருக்கு, ரொம்ப குட்டை, அதான் இல்லாத மாதிரி தெரியுது. வடக்க இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாவுல எல்லாம் குஞ்சு பொரிச்சிட்டு குளிர்காலத்துக்கு நம்ம பக்கம் இறங்குற பறவை. ராத்திரியில பறந்து வரும், அசந்து போய் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ள வந்துரும், ஒவ்வொரு வருசமும் இதே மாசத்துல இதே மாதிரி எனக்கு நாலஞ்சு போன் வரும்.

உங்களுக்கு அன்னைக்கே போன்ல சொன்னதை மத்தவங்களுக்காக திரும்ப சொல்றேன். ஒரு அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, கீழ துணி விரிச்சு, மெதுவா உள்ள வச்சு மூடி, இருட்டான அமைதியான இடத்துல வைங்க. வாயைப் பிரிச்சு தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழலுக்குள்ள போயிரும், சோறு எல்லாம் வைக்காதீங்க. பூனையை தள்ளி வைங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல தெளிஞ்சிரும், வெளிச்சம் இருக்கும்போது செடி கொடி அடர்ந்த இடமா பாத்து பெட்டியைத் திறந்து வச்சிட்டு விலகிருங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்கு சொல்லுங்க. அந்தம்மா மறுநாள் காலைல திறந்து விட்டதும் அது நேரா முருங்கைக்குக் கீழ போய் சருகைக் கிளறி புழு தேட ஆரம்பிச்சிருச்சாம், தெருவே கூடி நின்னு பாத்திருக்கு.

செல்போன் டவராலதான் சிட்டுக்குருவி அழிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?
- வாசகர், கோவில்பட்டி

டவர்தான் காரணம்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்ல. 2020-ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைப்படி நாடு பூராவும் சேத்துப் பாத்தா சிட்டுக்குருவி பெருசா குறையல, சென்னை மாதிரி ஆறு பெரிய நகரங்கள்லதான் குறைஞ்சிருக்கு. முன்னாடி ஓட்டு வீட்டு இடுக்குல, போட்டோ ஃபிரேமுக்குப் பின்னாடி கூடு கட்டும், இப்ப கான்கிரீட்டுல அந்த பொந்து இல்ல. பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கு புழு பூச்சிதான் வேணும், தோட்டமும் மண்ணும் இல்லாத தெருவுல புழுவுக்கு எங்க போகும். கோவில்பட்டி கடைவீதியில பலசரக்குக் கடை மூட்டை மேல உக்காந்து கொத்துறதை நானே போன மாசம் பாத்தேன், இன்னும் இருக்கு, போய்ப் பாருங்க.

பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட சென்னையில இருந்து திருநெல்வேலி வர்றோம். ரெண்டு நாள் இருக்கு, ஒன்பது வயசு பொண்ணு பறவைன்னா உயிர். எங்க போகலாம்?
- வாசகர், சென்னை

முதல் நாள் கூந்தன்குளம், யோசிக்கவே வேண்டாம். நாங்குநேரி பக்கம், திருநெல்வேலியில இருந்து காலைல அஞ்சரைக்கு கிளம்பிட்டா சரியா இருக்கும். மத்த சரணாலயத்துல பறவை குளத்துக்கு நடுவுல இருக்கும், நாம கரையில இருந்து பாப்போம். இங்க ஊருக்குள்ளயே, வீட்டுக் கொல்லையில நிக்கிற வேம்புலயும் புளியிலயும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டும். கீழ பொம்பளைங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க, மேல குஞ்சு கத்தும், எச்சம் விழும், மீன் நாத்தம் அடிக்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. பறவை வந்தா மழை வரும், ஊருக்கு நல்லதுங்கிறது அவங்க நம்பிக்கை, அந்த எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க. பால்பாண்டின்னு ஒருத்தர் அங்க இருந்தாரு, மரத்துல இருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துட்டு வந்து மீன் ஊட்டி வளத்துப் பறக்க விட்டே வாழ்நாளை கழிச்சவரு, பறவையைப் பத்தி பாட்டு கட்டி வர்ற பிள்ளைகளுக்கு பாடிக் காட்டுவாரு. உங்க பொண்ணுக்கு அவரைப் பத்தி அந்த ஊர்லயே யார்கிட்டயாவது கேட்டு சொல்லச் சொல்லுங்க.

குளத்துப் பக்கம் வரித்தலை வாத்து மேயும், தலைக்குப் பின்னாடி ரெண்டு கறுப்புப் பட்டை போட்டிருக்கும், அதை வச்சு உங்க பொண்ணே கண்டுபிடிச்சிருவா. மங்கோலியா, திபெத் பக்கம் இருந்து இமயமலையைத் தாண்டி வர்ற வாத்து அது, வீட்டுல மேப் இருந்தா வர்றதுக்கு முன்னாடியே வழியை பென்சில்ல வரைஞ்சு வைக்கச் சொல்லுங்க. எது எத்தனை வந்திருக்குங்கிறது அந்த வருசத்து மழையைப் பொறுத்தது, அதனால போறதுக்கு முன்னாடி தண்ணி இருக்கான்னு விசாரிச்சுக்கோங்க.

ரெண்டாம் நாள் எங்கயும் தூரமா போக வேண்டாம், தாமிரபரணிக் கரையில ஏதாவது ஒரு படித்துறையில காலைல ரெண்டு மணி நேரம் உக்காருங்க. 2011-ல இருந்து வருசா வருசம் ஜனவரியில இந்த ஆத்துப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்குது, தேதி ஒத்து வந்தா அதுலயும் சேந்துக்கலாம், புதுசா வர்றவங்களுக்கு கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பாங்க.

சென்னை திரும்பினதும் வேடந்தாங்கலையும் காட்டிருங்க. பட்டாளத்துக்காரங்க துப்பாக்கியோட வந்து சுடுறாங்கன்னு ஊர்க்காரங்க போய் முறையிட்டு, 1798-ல கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் கிட்ட இருந்து பறவையை காக்கிற உரிமையை எழுதி வாங்கின ஊரு அது.

எங்க வீட்டுல எனக்கு மட்டும்தான் இந்த ஆர்வம். தனியாவே சுத்துறேன், பாத்ததை சொன்னா யாரும் காது கொடுத்து கேக்க மாட்டேங்கிறாங்க.
- வாசகர், அம்பாசமுத்திரம்

சொல்லாதீங்க, காட்டுங்க. வீட்டுக்கு வந்து "இன்னைக்கு நாப்பத்தியேழு வகை பாத்தேன்"னு சொன்னா அது உங்களுக்குத்தான் சந்தோசம், கேக்கிறவங்களுக்கு வெறும் எண்ணிக்கை.

எங்க அத்தைக்கு அறுபது வயசு இருக்கும்போது ஆத்துக்கு துணி துவைக்கப் போனாங்க, நானும் பைனாகுலரோட பின்னாடியே போனேன். எதிர்க்கரையில தண்ணிக்கு மேல சாஞ்ச ஒரு குச்சியில சிச்சிலி, அதான் மீன்கொத்தி, உக்காந்திருந்துச்சு, கட்டைவிரலை விட கொஞ்சம் பெருசா ஒரு நீலம், அவ்வளவுதான் வெறுங்கண்ணுக்கு. பைனாகுலரை அத்தை கையில கொடுத்து, கண்ணு அகலத்துக்கு அதை மடக்கி விட்டு, "அந்தக் குச்சியைப் பாருங்க"ன்னேன். அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே அது பொத்துன்னு விழுந்து ஒரு அயிரையோட மேல வந்துச்சு. குச்சியில இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி, மீன் அசைவு நின்னதும் அலகுலயே திருப்பி தலைப் பக்கத்தை முதல்ல வச்சு முழுங்குச்சு. செதில், துடுப்பு தொண்டையில குத்தக் கூடாதுல்ல. அத்தை பைனாகுலரை இறக்கவே இல்ல. "ஏல, முப்பது வருசமா இந்தக் கல்லுலதான் துணி துவைக்கேன், இது இவ்ளோ நீலம்னு எனக்குத் தெரியாதேல"ன்னாங்க. அன்னைக்கு துணியை நான்தான் அலசினேன்.

அதுக்கப்புறம் அவங்க எனக்கு சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் புத்தகத்துல படிச்ச பேர் ஒண்ணு, அவங்க அம்மா சொன்ன பேர் ஒண்ணு, எந்தப் பறவை வந்தா நாத்து நட தண்ணி வரும், எது கத்தினா மழை தள்ளிப் போகும்னு. உங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. அவங்க வழக்கமா போற இடத்துக்கு நீங்க போங்க, அவங்களை உங்க குளத்துக்கு அஞ்சு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போகாதீங்க. பைனாகுலரை அவங்க கையில கொடுத்துட்டு நீங்க சும்மா இருங்க.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல நாங்களும் கலந்துக்கலாமா? நாங்க அஞ்சு தோழிகள், யாருக்கும் பெருசா பறவை பேர் தெரியாது.
- கல்லூரி மாணவி, தென்காசி

தாராளமா. 2015-ல இருந்து பொங்கலை ஒட்டி தமிழ்நாடு பூரா நடக்குது, பதிவுக் கட்டணம் எதுவும் கிடையாது. ஒரே இடத்துல குறைஞ்சது 15 நிமிசம் நின்னு பாத்தது, கேட்டது எல்லாத்தையும் எண்ணிக்கையோட ஈபேர்டுல, அதான் பாத்த பறவையைப் பதியிற இணையதளத்துல, ஏத்தணும், அவ்வளவுதான். தெரியாததை தெரியாதுன்னு விட்டுருங்க, யூகத்துல பேர் போடாதீங்க. காக்கா பன்னிரண்டு, மைனா நாலுன்னு போட்டாலும் அது உண்மையான கணக்கு. கோலம் போட வெளிய வரும்போதே ஒரு 15 நிமிசம் எடுத்துக்கலாம்.

போன இதழ்ல காக்கா கூட்டுல குயில் முட்டை வைக்கும்னு எழுதியிருந்தீங்க. எங்க பக்கத்து வீட்டு வேப்பமரத்துல ஒரு காக்கா, புள்ளி புள்ளியா இருக்கிற ஒரு குஞ்சுக்கு ஊட்டுது. மாமியாரைக் கூப்பிட்டு காட்டினேன், அவங்க சமையலை அப்படியே விட்டுட்டு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இது குயில் குஞ்சா?
- வாசகி, கடையநல்லூர்

புள்ளி இருக்குன்னா பெண் குயில் குஞ்சாத்தான் இருக்கும்! ஆண் குஞ்சா இருந்தா கறுப்பா காக்காக் குஞ்சு மாதிரியே இருந்திருக்கும், நீங்களும் கவனிச்சிருக்க மாட்டீங்க. கூடவே காக்காவோட சொந்தக் குஞ்சும் இருக்கான்னு பாருங்க, பல நேரம் ரெண்டும் சேந்தே வளரும், குயில் குஞ்சு அதைத் தள்ளி விடணும்னு இல்ல. மொட்டை மாடியில இருந்து எட்டிப் பாக்க வேண்டாம், காக்கா தலையில கொத்தும், சமையக்கட்டு ஜன்னலே போதும். இன்னைக்கு தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க. காக்கா அதை எத்தனை நாள் வரைக்கும் ஊட்டுது, எந்த நாள்ல இருந்து அதை விரட்ட ஆரம்பிக்குது, இது ரெண்டையும் நீங்களும் மாமியாரும் பாத்து எழுதுங்க. உங்க கடிதத்துக்காகவே அடுத்த இதழ்ல அரைப் பக்கம் விட்டு வைக்கிறேன்.